சில்லறை இல்லாமல் தவித்த கண்டக்டருக்குத் துணை நின்றவர்களுக்கு

சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், வெளியே இருந்து கை கொடுத்தவர்களுக்கும்,

வணக்கம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நேரில் பார்த்து நன்றி சொன்னால் "அட, இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவை உங்களில் பலருக்குக் கண்டக்டராகத் தெரியும். வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பெரும்பாலும் வேலூர் – ஆரணி தடம்தான். பாகாயம், கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி என்று அவர் அடுக்கும் வேகத்துக்கு பஸ் ஓடாது என்பார் அம்மா. மீதிச் சில்லறையைக் கையைப் பார்க்காமலே எண்ணிக் கொடுப்பார். அந்த மனிதர் போன வருடம் மளிகைக் கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிட்டார். கடைக்கார அண்ணன் பையனிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். இரண்டாவது தடவையும் அப்படியே நடந்ததும் அவரே கடையை விட்டு இறங்கி வந்து, "பாப்பா, அப்பா கணக்குல தப்பு பண்ற ஆளா? டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். முதல் நன்றி அவருக்கு. கூடவே இருந்த நாங்கள் அதை "வயசாயிடுச்சு" என்ற ஒற்றை வார்த்தையால் மூடி வைத்திருந்தோம்.

முதலில் காட்டிய இடத்திலும் (பெயர் வேண்டாம்) அதே வார்த்தைதான். "இந்த வயசுல மறதி சகஜம்மா" என்று சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்த நோய், இருப்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 30 சதவீதம். நல்ல இதயத்தில் சுமார் 50-55க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு தனி, தலை தனி என்றே நினைத்திருந்தோம். தந்தி படிப்பதை விட்டார், டீக்கடைக்குப் போவதை விட்டார், சாப்பிட்ட தட்டை எதிரில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சோம்பேறித்தனம் என்று திட்டினேன். பிடிவாதம் என்றும் திட்டினேன். உடம்பில் தேங்கும் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைப் போட்டாரா இல்லையா என்று கேட்டால் எரிந்து விழுவார். நானும் பதிலுக்கு எரிந்து விழுவேன்.

மருந்துக்கடைத் தம்பிதான் அடுத்தது கண்டுபிடித்தது. "அக்கா, மத்த மாத்திரையெல்லாம் வாங்கறீங்க, நீர் மாத்திரை மட்டும் ஒன்றரை மாசமா வாங்கலையே?" வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய அட்டை பாதி அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு அத்தையின் எடை மெஷினை வாங்கி நிறுத்தினோம். ஐந்து நாளில் மூன்று கிலோ ஏறியிருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அது சதை இல்லை, தண்ணீர். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த மெஷின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அத்தை. தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், எடை பார்த்து காலண்டரில் குறிக்கிறோம்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்ததும் "இன்னா பாப்பா, ரெண்டு நிமிஷம்" என்று வந்து நின்ற ஆட்டோ அண்ணன், எத்தனை சொல்லியும் காசு வாங்கவில்லை. இதை எழுதினால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் ராத்திரியை மறக்க மாட்டேன். இரண்டு மணிக்கு அப்பா கட்டிலை விட்டு எழுந்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, டிக்கெட் டிக்கெட்" என்று வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே போனார். நான் அழுதுவிட்டேன். நைட் டூட்டி நர்ஸ் அவர் பக்கத்தில் போய், "ஆரணி ஒண்ணு கொடுங்க ஐயா" என்றார். அப்பா நின்றார். உடனே நர்ஸ் லைட்டைப் போட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "மணி ரெண்டு. இது ஆஸ்பத்திரி. உங்க பொண்ணு இதோ இருக்கு" என்று நிதானமாகச் சொன்னார். கையைக் காலைக் கட்டவில்லை, அதட்டவில்லை. ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததும், உடம்பு மோசமாக இருந்ததும், இடம் புதிதாக இருந்ததும் சேர்ந்து வந்த குழப்பம் அது, மறதி நோய் வேறு, இது வேறு என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். இது சில மணி நேரத்தில் திடீரென்று வரும், கூடும் குறையும், காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கும் என்றார். நான்கு நாளில் அடங்கியது. தங்கச்சி, உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறிய பிறகும் மந்தம் முழுதாகப் போகவில்லை. அப்போது மனநலப் பிரிவுக்கு அனுப்பிய இதய டாக்டருக்கு நன்றி. "என்னை பைத்தியம்னு முடிவு பண்ணிட்டீங்களா" என்று வழியெல்லாம் முறைத்துக்கொண்டு வந்தார் அப்பா. அங்கே ஒரு சின்னப் பெண் கடிகாரம் வரையச் சொன்னாள். பன்னிரண்டு எண்ணும் வட்டத்தின் வலது பக்கத்திலேயே நெருக்கியடித்து நின்றன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு... அதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துவிட்டு, "சில்லறை இல்லைம்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக்காக இந்தக் கடிதத்தில் ஒரு பக்கமே எழுதலாம்.

அங்கிருந்த மனநல டாக்டர் எனக்குச் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன். மூளை உடம்பு எடையில் இரண்டு சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்குப் போகிறது. பம்பிங் குறையும்போது மூளையும் வாடலாம். வேளை தவறாமல் மாத்திரை போடுவது, தண்ணீர் அளவு பார்ப்பது, எடையைக் குறிப்பது என்று எந்த வேலைக்கு மூளை வேண்டுமோ, அதிலேயே அடி விழுகிறது. மாத்திரை மறந்தால் நீர் கோர்க்கும், நீர் கோர்த்தால் இதயம் இன்னும் தளரும், அப்புறம் மறதியும் கூடும். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறதாம். அசதி, பசியின்மை, தூக்கம் கெடுவது எல்லாம் இரண்டுக்கும் பொது என்பதால் மனச்சோர்வு இதய நோய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளில் சில இதயத்துக்கு ஆகாது என்று வேறு வகையைக் குறைந்த அளவில் தொடங்கினார். மாத்திரை மட்டும் போதாது, ஆள் வேண்டும், நடை வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஆள் டிரைவர் மாமா. அப்பாவோடு பதினோரு வருடம் ஒரே வண்டியில் ஓடியவர். கொசப்பேட்டையிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து, "ரைட், போலாம்" என்று அழைத்துப் போகிறார். முதல் வாரம் பக்கத்து வீடு வரை, இப்போது பிள்ளையார் கோவில் வரை. மூச்சு வாங்கினால் நிற்பார்கள். மாமா பேசமாட்டார், அப்பா பேசும்வரை காத்திருப்பார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கும் நன்றி. "போட்டீங்களான்னு கேக்காதே, மிச்சத்தை எண்ணு" என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது. உப்பில்லாத குழம்பைப் பார்த்து அப்பா முகம் சுளித்தபோது, எதிர்வீட்டு அக்கா அன்பாக லோ சோடியம் உப்பு வாங்கி வந்தார். மருந்துக்கடைத் தம்பி பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து, இதில் பொட்டாசியம் இருக்கிறது, அப்பாவின் மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் அது ஏறிவிடும், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்றான். அக்கா வருத்தப்படாமல், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை மிளகும் எலுமிச்சையும் போட்டு வதக்கி அனுப்பினார். அது காலியானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "நான் இருந்து யாருக்கு என்ன" என்று அப்பா சொன்ன ராத்திரி, 14416க்கு நான் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள். அப்பாவுக்காகத்தான் செய்தேன். ஆனால் பேச்சு முடியும்போது, நான் கடைசியாக எப்போது முழுசாகத் தூங்கினேன் என்று மறுமுனையில் கேட்டார்கள். அந்தக் குரலுக்கும் நன்றி.

அப்பா பழைய அப்பா ஆகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஆனால் தந்தியில் தலைப்புச் செய்தி வரை வந்துவிட்டார். போன வாரம் மாமா நிறுத்தங்களைக் கேட்டார். பாகாயம், கண்ணமங்கலம், ஆரணி என்றார் அப்பா. கணியம்பாடி எங்கே என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "அது எக்ஸ்பிரஸ் வண்டி, அங்க நிக்காது" என்றார். அப்பா சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரி நாட்களில் வந்த மூன்றடுக்கு டிபன் கேரியர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் "கே. எஸ்." என்று வெட்டியிருக்கிறது. தெருவில் கேட்டுவிட்டேன், யாருடையது என்று தெரியவில்லை. உங்களுடையதென்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.