மின்னல் லேசரில் அயனியாக்கத்தின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையில் 2021 கோடையில் லேசரால் மின்னலுக்கு வழிகாட்டிய சோதனையைப் பற்றிய கட்டுரையில், ‘அயனியான காற்று லேசர் கற்றையைக் குவித்துக் கொண்டுசெல்கிறது’ என்ற வரி வந்திருந்தது. நடப்பது இதற்கு நேர்மாறு. குவிதலுக்குத் தடை போடுவதே காற்றில் அயனியாக்கம் (மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிவது) செய்யும் வேலை.

செறிவான ஒளி பாயும் இடத்தில் காற்றின் ஒளிவிலகல் எண் சற்றே கூடும். இது கெர் விளைவு. கற்றையின் நடுவில் செறிவு அதிகம் என்பதால் காற்றே குவிலென்சாகிறது. 800 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சத் திறன் சில ஜிகாவாட்டைத் தாண்டினால், ஒளியின் இயல்பான விரிவை இந்தக் குவிப்பு வென்றுவிடும். கற்றை மேலும் மேலும் ஒடுங்கும். செறிவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5×10¹³ வாட்டை நெருங்கும்போது ஆக்சிஜன் அயனியாகத் தொடங்கும். அதற்குத் தேவை 12.07 எலக்ட்ரான் வோல்ட். ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 1.55. எட்டு ஃபோட்டான்களை ஒருசேர விழுங்கியாக வேண்டும் என்பதால், செறிவு கொஞ்சம் ஏறினாலே எலக்ட்ரான்கள் பல மடங்கு பெருகிவிடும். எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணைக் குறைப்பவை. அவை நடுவில் திரண்டால் அது குழிலென்சு. இந்த இழுபறியில்தான் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளியிழை (கண்ணாடி இழை அல்ல, ஒளியாலேயே ஆன மெல்லிய கோடு) நீள்கிறது.

ஆற்றலின் பெரும்பங்கு இழையைச் சூழ்ந்த மங்கலான ஒளியில் இருக்கிறது. சிறு நீர்த்துளி குறுக்கே வந்தாலும் இழை அப்பால் மறுபடி உருவாகும். ஊசித்துளைத் தகட்டால் சுற்றொளியை வெட்டினால் விரைவில் அணைந்துவிடும்.

மின்னல் பிடித்துச் செல்வதும் பிளாஸ்மாவை, அதாவது அயனியான காற்றை, அல்ல. அது சில நானோ விநாடிகளில் பெரிதும் மறைந்துவிடும். சூடேறி அடர்த்தி குறைந்த காற்றுத் தடம் மட்டும் மில்லி விநாடிக் கணக்கில் நிற்கும். சான்டிஸில் விநாடிக்கு 1,000 லேசர் துடிப்புகள் அனுப்பியதன் பயன் இங்கேதான்.

அயனியாக்கம் உண்மையிலேயே கற்றைக்குச் சுவராக நிற்பது பிளாஸ்மா அலைவழியில், அதாவது ஒளியை விரியவிடாமல் கொண்டுசெல்லும் பிளாஸ்மாக் குழாயில். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டர்ஃபீ, மில்ச்பெர்க் இருவரும் 1993-இல் காட்டிய முறை இது. முதல் துடிப்பைக் கூம்புலென்சால் வாயுவுக்குள் ஒரு கோடாகக் குவிப்பார்கள். சூடான பிளாஸ்மா வெளிநோக்கி விரிய, நடுவில் எலக்ட்ரான் குறைந்து ஓரத்தில் கூடும். அதனால் ஒளிவிலகல் எண் நடுவில் அதிகமாகி, குழாய் குவிலென்சு போலச் செயல்படும். சில நானோ விநாடி கழித்து முக்கியத் துடிப்பை அதனுள் செலுத்துவார்கள். முந்தினால் குழாய் உருவாகியிராது. பிந்தினால் அகன்றுபோய்க் கற்றையின் அளவுக்குப் பொருந்தாது. 30 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கற்றை தன்போக்கில் விட்டால் மூன்றரை மில்லிமீட்டரிலேயே விரியத் தொடங்கும். அதைத் தாங்க, அந்த ஆரத்தில் எலக்ட்ரான் அடர்த்தி நடுவைவிடக் கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.3×10¹⁷ கூடுதலாக இருக்க வேண்டும். ஆரம் பாதியானால் இந்த வேறுபாடு நான்கு மடங்காக வேண்டும்.

வாயுத் தேர்வும் முக்கியம். ஹைட்ரஜனில் ஒரே எலக்ட்ரான். முன்கூட்டியே முழுதும் பிரித்துவிடலாம். ஆர்கானில் முக்கியத் துடிப்பு நடுவில் மேலும் எலக்ட்ரான்களைப் பறித்துக் குழாயைத் தானே கெடுத்துவிடும். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 2019-இல் லேசரால் 20 சென்டிமீட்டர் நீளத்தில் எலக்ட்ரான்களை 7.8 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கியதும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில்தான்.

கட்டுரையோடு வந்த படத்தில் இரண்டு அமைப்புகளும் ஒன்றாகக் கலந்துள்ளன. இணையப் பதிப்பிலாவது, ஒளியிழையில் எலக்ட்ரான் அடர்த்தி நடுவில் மேடாகவும் அலைவழியில் நடுவில் பள்ளமாகவும் தெரியும்படி இரண்டு குறுக்குவெட்டுப் படங்களாக மாற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒளியியல் துறை வாசகர்