கதிர்வீச்சைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்க மணல் என்றாலும் கூடங்குளம் அணுமின் நிலையம் என்றாலும், 'கதிர்வீச்சு அதிகம்' என்பதோடு நம் பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எவ்வளவு, எத்தனை நேரத்தில், உடலின் எந்தப் பகுதிக்கு என்ற மூன்றும் இல்லாத செய்தியை வைத்துக்கொண்டு வாசகர் எந்த முடிவுக்கும் வர முடியாது. இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையான நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் அலகுகள். திசு உள்வாங்கிய ஆற்றலுக்குக் கிரே. அதனால் வரக்கூடிய தீங்கைக் கணக்கில் எடுத்தால் சீவெர்ட். கிரேயைச் சீவெர்ட்டாக்கப் பெருக்கும் எடை காமா கதிருக்கு 1, ஆல்ஃபா துகளுக்கு 20. பழைய கட்டுரைகளில் ராட், ரெம் என்று இருக்கும். 100 ராட் ஒரு கிரே, 100 ரெம் ஒரு சீவெர்ட். மில்லியும் மைக்ரோவும் இடம் மாறினால் ஆயிரம் மடங்கு தவறு.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு வேறொன்று. கையடக்கக் கருவி 'மணிக்கு 0.2 மைக்ரோசீவெர்ட்' என்று காட்டுகிறது. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் சுமார் 1.75 மில்லிசீவெர்ட். உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் என்று படித்தவர், 'சராசரியைவிடக் குறைவுதானே' என்று முடித்துவிடுவார். ஆனால் அந்த 2.4-இல் ஏறக்குறைய பாதி, மூச்சில் போகும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும், அது சிதைந்து உருவாகும் சேய்த் தனிமங்களும் தருவது. உணவு வழி வருவதும் அதில் அடக்கம். கருவி அளப்பது வெளியிலிருந்து வரும் காமாவை மட்டுமே. அதை ஒப்பிட வேண்டிய சராசரி 0.9 மில்லிசீவெர்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக, அந்த இடம் சராசரியைப் போல் இரு மடங்கு.

செல்லுக்குள் நடப்பதை அறிய, பன்னாட்டு அணுசக்தி முகமை 2010-இல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வெளியிட்ட கதிர்வீச்சு உயிரியல் கையேடு நல்ல தொடக்கம். பயிற்சி வரிசையில் எண் 42. ஒரு கிரே காமா பட்டால் ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் ஒற்றை இழை முறிவுகள் சுமார் ஆயிரமும், இரட்டை இழை முறிவுகள் நாற்பதையொட்டியும் ஏற்படும். முந்தையதைச் செல் எளிதில் சரிசெய்துகொள்ளும். பிந்தையதைத் தவறாக ஒட்டும்போதுதான் செல் மடிகிறது, அல்லது பிறழ்வோடு பிழைத்துவிடுகிறது.

அடுத்து, ஹிரோஷிமாவில் உள்ள கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனத்தின் இணையதளம். அணுகுண்டு வீச்சில் உயிர்தப்பியவர்கள் உட்பட சுமார் 1.2 லட்சம் பேரை 1950 முதல் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு இது, தரவுகளையே பதிவிறக்கலாம். ஆனால் உயிர்தப்பியவர்கள் பெற்றது ஒரு கண நேரத்தில் பாய்ந்த கதிர்வீச்சு. அதிலிருந்து கிடைத்த அபாய எண்ணை, ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் பெறுவோருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கையில் பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு அதைப் பாதியாக்கிக்கொள்கிறது.

சிறுகச் சேரும் கதிர்வீச்சுக்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளி கடலோரத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. தோரியம் கொண்ட கனிமமான மோனசைட் கலந்த மணல் தரும் கூடுதல் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அதில் தெரியவில்லை. இதை 'ஆபத்தே இல்லை' என்று படிப்பது அவசரம்: சிறிய கூடுதல் அபாயத்தைப் பிரித்துக் காட்ட இந்த எண்ணிக்கையும் காலமும் போதாமல் போகலாம். மணவாளக்குறிச்சிக்கு இதைப் பொருத்துவதானால், அங்குள்ள வீடுகளில் தனியே அளந்தாக வேண்டும்.

செர்னோபில், ஃபுகுஷிமா பற்றி எழுதுவோர், அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய 1955-இல் அமைந்த ஐ.நா. அறிவியல் குழுவான அன்ஸ்கியரின் அறிக்கைகளைப் பார்க்கலாம். சுருக்கத்தோடு நிறுத்தாமல் பின்னிணைப்பு அட்டவணைகளையும் படிக்க வேண்டும். செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியான 134 பேரில் முதல் சில மாதங்களில் இறந்தவர்கள் 28 பேர் என்பதும், சிறுவயதில் கதிரியக்க அயோடின்-131 கலந்த பால் குடித்தவர்களிடையே தைராய்டு புற்றுநோய் பெருகியதும் அவற்றில் தனித்தனியே வரும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடும் கட்டுரைகள் தமிழில் ஏராளம்.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது அலகு, கால அளவு, அளந்தவர் யார் என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கதிரியல் இயற்பியல் ஆசிரியர்,
நாகர்கோவில்