நாலு பேர்

அப்பா,

வருகிறேன் என்று நேற்று ராத்திரி தம்பியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் எழுபதாம் கல்யாணத்தன்று திருக்கடையூரில் இருப்பேன். பதினோரு வருஷம் ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கு அது வேண்டாம். தம்பிதான் இதைப் போனில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். டேய், அத்தைமார் இருக்கும்போது வாசிக்காதே.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் ஒரே வசனத்தில் என் வாயை அடைத்துவிடுவீர்கள். "நாலு பேருக்கு நல்லதுன்னா எதுவுமே தப்பில்ல." எத்தனை தடவை அதைக் கேட்டிருப்பேன்! அம்மா அழுதபோதும் அதுதான், நான் பெட்டியைத் தூக்கியபோதும் அதுதான்.

அந்த வசனம் வருகிற, 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' உங்கள் படம் என்றே நம் வீட்டில் பேச்சு. டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்தோம். கமலுக்குத் தேசிய விருது கிடைத்ததை, சொந்தத் தம்பிக்குக் கிடைத்த மாதிரி சொல்வீர்கள். அதே படத்துக்காக ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமுக்கும் கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் கிடைத்ததைப் பின்னால் நான்தான் உங்களுக்குச் சொன்னேன். படத்தில் வருகிற அந்த பம்பாய் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட் என்றபோது நீங்கள் நம்பவே இல்லை. "மழைத்தண்ணி நாத்தம் அடிக்குதே தாயி, செட்டுங்கறே" என்றீர்கள். அந்தப் படத்தை அதைவிட அழகாக யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்தப் பழக்கம் மாறியது. டிவியில் அந்தப் படம் போட்டால் தொடக்கத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவீர்கள். தூத்துக்குடிக் காட்சிகள் முடிந்து பையன் பம்பாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் உள்ளே வருவீர்கள். பீடி குடிக்கப் போனீர்கள் என்று தம்பி நினைத்தான். எனக்குத் தெரியும்.

படத்தில் போலீஸ் அந்தப் பையனை வெளியே விடுகிறது. அப்பாவைப் பார்க்கிற சந்தோஷத்தில் ஓடுகிறான். பின்னாலேயே வருகிறவர்களுக்குத் தான்தான் வழி காட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

நம் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து என் கன்னத்தைத் தட்டி, "அப்பா எங்கேம்மா?" என்றார். கையில் கடலை மிட்டாய் வைத்திருந்தார். "பின்னாடி, மாட்டுக் கொட்டகையில" என்றேன். அன்று மதியம் வெயில் எப்படி இருந்தது, திண்ணையில் எத்தனை செருப்புகள் கிடந்தன, எல்லாம் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததை எழுத மாட்டேன். மூன்று நாள் கழித்து, வீங்கிய முகத்தோடு நீங்கள் திரும்பி வந்தீர்கள். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். "பிள்ளை பொய் சொல்லுமா? விடு" என்றீர்கள். அந்த மிட்டாயை நான் தின்றிருந்தேன் அப்பா. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னை மன்னியுங்கள்.

ஆனால் அடுத்த வாரமே எனக்குச் சொல்லித் தந்தீர்களே: "யார் வந்தாலும் அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லு." ஒன்பது வயதில் தொடங்கிய அந்தப் பொய்யைக் கல்யாணம் வரை சொன்னேன். என் தப்புக்கு இத்தனை வருஷத் தண்டனையா? அதற்கு மட்டும் எனக்குக் கோபம் தீரவில்லை.

உங்களுக்கு ஏன் அந்தப் படம் பிடிக்கும் என்று தெரியும். எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. நியாயம் கேட்கிற மகளை மணிரத்னம் வில்லியாக்கவில்லை. பாலகுமாரன் அவளுக்கு எழுதிய வசனத்தில் நாயகனுக்கு எழுதிய அளவு வலு இருக்கிறது. தனக்கு நடந்த அநியாயங்களை எல்லாம் அடுக்கி, "அவனை நிறுத்தச் சொல், நான் நிறுத்துகிறேன்" என்கிறார் நாயகன் வேலு நாயக்கர். தியேட்டரில் அதற்குத்தான் கைதட்டல். மகள் சாருமதி அதைக் கேட்ட பிறகும் வீட்டை விட்டுப் போகிறாள். ஊரே கும்பிடுகிற மனிதரால் மகளை நிறுத்த முடியவில்லை. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. போலீஸ் கையில் அப்பாவைப் பறிகொடுத்த பையனில் தொடங்குகிற கதை, அவன் கொன்ற போலீஸ்காரரின் மகன் கையில் முடிகிறது. அந்தப் போலீஸ்காரர் கேல்கரைக் கொன்ற பிறகு அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்தான். அந்தப் பிள்ளைக்கு அப்பாவைக் கொடுக்க முடிந்ததா? நீங்கள் சொல்கிற அந்த நாலு பேரில் அவன் உண்டா? நாயக்கரால் உயிரை விட்ட மனைவி நீலா உண்டா? மகன் சூர்யா உண்டா? நான் உண்டா?

இதை இவ்வளவு சூடாக எழுத நினைக்கவில்லை. ஊருக்கு நீங்கள் செய்தது பொய்யில்லை. உங்கள் தயவில் படித்தவர்கள் இன்றைக்கும் எனக்குப் போன் செய்கிறார்கள். அதையும் இங்கே நாலு பேர் பார்க்கவே எழுதுகிறேன்.

படத்தின் கடைசியில் நாயக்கரின் பேரன் கேட்கிறான், "நீங்க நல்லவரா கெட்டவரா" என்று. "தெரியலையே" என்கிறார் வேலு நாயக்கர். இளையராஜா 'தென்பாண்டிச் சீமையிலே'யைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து, யாரோ அடித்த குழந்தையைத் தடவிக்கொடுக்கிற மாதிரி அந்தக் கிழவரையும் தடவிக்கொடுக்கிறார். தீர்ப்பு சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை அப்பா. அதனால்தான் வருகிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம். உங்கள் பேரனுக்கு எட்டு வயது. யாராவது வாசலில் வந்து கேட்டால், தாத்தா உள்ளே இருக்கிறார் என்றுதான் சொல்வான். அவனுக்கு வேறு எதுவும் சொல்லித் தராதீர்கள்.