அசல் வைரமும் உடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், 'உலகிலேயே கடினமான பொருள் என்பதால் அசல் வைரம் சுத்தியலால் அடித்தாலும் உடையாது' என்று வெளியிட்டிருந்தீர்கள். பத்திரிகையில் அச்சானால் எங்கள் ஊரில் அது வேதவாக்கு. தங்களுக்கு இது தெரியாததல்ல.

அந்த வாரமே ஒரு அம்மாள் டவுனில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்தார். தாயார் கொடுத்த ஏழுகல் தோட்டின் ஒரு கல், தங்கள் குறிப்பை நம்பி அவர் சுத்தியலால் அடித்துப் பார்த்ததில், மூன்று துண்டும் கொஞ்சம் பொடியுமாகக் கிடந்தது. "அண்ணாச்சி, எங்கள் அம்மா இத்தனை காலம் போலியையா போட்டிருந்தார்கள்?" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் தட்டையாக, மெருகேறிப் பளபளத்தது. கண்ணாடியாக இருந்தால் சிப்பியின் உட்புறம்போல வளைந்து வளைந்து உடைந்திருக்கும். அது அசல் வைரம், ஐயா. அதைச் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை.

கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோல், எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே சொல்கிறது. அதில் வைரம் 10. வேறு எந்தக் கனிமமும் அதைக் கீறாது. ஆனால் அந்தப் படிகத்துக்கு நான்கு வாட்டங்கள், அதாவது எளிதில் பிளக்கும் திசைகள், உண்டு. வாட்டத்தில் அடி விழுந்தால் பிளந்துவிடும். பட்டை தீட்டுகிறவர்கள் பெரிய கல்லைப் பிளந்து வந்ததே அதை நம்பித்தான். நெஃப்ரைட் என்ற பச்சைக்கல்லுக்கு 6 அல்லது 6.5தான். இழைகள் பின்னிக் கிடப்பதால் அது வைரம் நொறுங்கும் அடியையும் தாங்கி நிற்கும்.

இது முதல் முறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். கெம்பு 9, வைரம் 10, ஆகவே இரண்டும் ஏறக்குறைய சமம் என்று முன்பு எழுதினீர்கள். கடினத்தை நேராக அளந்தால் வைரம் கெம்பைவிடச் சுமார் நான்கு மடங்கு. மறுப்பு அனுப்பினேன், பதில் இல்லை. முத்தைப் பல்பொடியால் தேய்த்தால் பளிச்சிடும் என்று ஓர் அழகுக் குறிப்பு வந்தது. முத்தின் கடினம் 2.5 முதல் 4.5 வரை, தேய்த்தால் மேல் மெருகே போய்விடும். கொற்கை இருக்கும் சீமையில் விற்கும் பத்திரிகை இப்படியா எழுதுவது? நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை நாணயத்தால் தட்டி மகிழச் சொன்னது தங்கள் சுற்றுலா மலர். கருங்கல்தானே என்ற நினைப்பு. மேலிருந்து அழுத்தும் பாரத்தைக் கருங்கல் எவ்வளவும் சுமக்கும். இழுவிசையில் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கினாலே பெரிது. மெல்லிய தூணைப் பக்கவாட்டில் தட்டினால் கல்லுக்குள் எழுவது அந்த இழுவிசைதான். எத்தனை தலைமுறைச் சிற்பியின் உழைப்பு அது!

தங்களிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'அசல் வைரமும் அடித்தால் உடையும். சந்தேகம் இருந்தால் கல் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்' என்று வெளியிடுங்கள். அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலாளி,
திருநெல்வேலி டவுன்