பூங்கா நுழைவு அட்டையை நூலகத்தில் இரவல் கொடுங்கள்: கொழும்பு மாநகர சபைக்கும் பூங்கா நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோருக்கு,

கொழும்புப் பொது நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள விகாரமகாதேவி பூங்காவுக்குக் காசில்லாமல் போகலாம். பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களுக்கு டிக்கெட் எடுக்கவேண்டும். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது கொழும்பு. ஆனால் அந்த ஈரநிலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பஸ் காசோடு டிக்கெட் காசையும் கணக்குப் பார்க்கவேண்டிய வீடுகள் இங்கே நிறைய. நூலக அங்கத்தவர்கள் புத்தகத்தைப் போலவே நுழைவு அட்டையையும் இரவல் எடுக்க வழிசெய்யுங்கள்.

கலிபோர்னியா நூலகங்கள் மாநிலப் பூங்கா அட்டையை இப்படிக் கொடுக்கின்றன. அது ஒன்பது பேர் வரை ஏறும் ஒரு வாகனத்துக்கானது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பஸ்ஸில் வருபவர் வாசலில் நிற்பார். நமக்கு ஆட்கணக்குத்தான் சரி: பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர்.

இரவல் காலத்தில்தான் சிக்கல். நீலத் தாழைக்கோழி போன்ற நீர்ப்பறவைகளைப் பார்க்க வெயில் ஏறுமுன் போகவேண்டும். நூலகம் அதற்குப் பிறகே திறக்கும். ஆகவே ஒருநாள் இரவலால் பயனில்லை. இரண்டு வாரம் கொடுத்தால் அட்டை லாச்சிக்குள் தூங்கும். மூன்று நாள் போதும், கடைசி நாள் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையிலோ நூலக விடுமுறையிலோ விழக்கூடாது. முன்பதிவுகளுக்கிடையே ஒருநாள் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தாமதிக்க, அடுத்தவரின் சனிக்கிழமை வீணாகும். பிணைப்பணம் வேண்டாம், அது இல்லாதவருக்காகத்தானே இந்த அட்டை! பிந்தினால் மூன்று மாதம் அட்டை கிடையாது என்பதே போதுமான தண்டனை.

லேமினேட் செய்த தாள் கொழும்பு ஈரப்பதனில் மூலை பிரிந்து மை ஊறிவிடும். புத்தகத்துக்குள் செருகினால் தேடியும் கிடைக்காது. துளையிட்டுக் கழுத்துப்பட்டி கோத்த பிளாஸ்டிக் அட்டை நல்லது. புத்தகத்துக்குப் போல அதற்கும் பதிவெண்ணும் பார்கோடும் இருந்தால் நூலகருக்கு வேறு பதிவேடு தேவையில்லை. பின்பக்கத்தில் எத்தனை பேர், எந்தக் கட்டணம் அடங்காது என்பதை மும்மொழியிலும் அச்சிடுங்கள். வாசல் ஊழியர் முறை மாறுவர். சுற்றறிக்கை அவர்களிடம் போய்ச் சேராதது புதிதல்ல.

வாசலில் பூச்சிய ரூபாய் டிக்கெட் ஒன்றைக் கட்டாயம் வெட்டவேண்டும். கணக்காய்வாளர் கேட்கும்போது காட்டவும், மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணவும் அதுதான் ஆதாரம்.

பைனாகுலரும் சேர்த்துக் கொடுப்பதானால் பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் அது பிறகு பார்க்கலாம். பிரதான நூலகத்தில் நான்கு அட்டைகளோடு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு முன் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
நூலக வாசகர் சிலர், கொழும்பு