நாங்கள் என்று எழுதியிருந்தீர்கள்

சஸ்கட்டூன்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பளம் நொறுங்கிவிட்டது, மணத்தக்காளி வற்றல் முழுசாக இருக்கிறது. அதனடியில் உங்கள் கடிதம். மூன்று மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாததைப் பற்றி நீங்கள் எங்கேயும் குறை சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இங்கே மைனஸ் 34. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தும். போன வருஷத்துக் கோட்டே போதுகிறது. சனிக்கிழமைகளில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறேன், சும்மா பொழுது போக.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். கனடாவின் க்ரீ என்ற பூர்வகுடி இனம். ஜன்னலோரம் உள்ளங்கை அளவு கல் ஒன்று வைத்திருக்கிறார். தினமும் துடைத்து வெயில் பக்கம் திருப்பி வைப்பார். கொஞ்சம் ஒரு மாதிரி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், நமக்கு உயர்திணை அஃறிணை போல க்ரீ மொழியில் உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டு வகை. கல் உயிருள்ளதில் சேர்த்தி. ராஸ்பெரிக்கு உயிர் உண்டு, ஸ்ட்ராபெரிக்கு இல்லை. ஏன் என்று கேட்டால், "உன் மொழியில் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறதா?" என்கிறார். பானக் என்று மைதா ரொட்டி பொரித்துத் தருவார், கிட்டத்தட்ட பட்டூரா. தொட்டுக்கொள்ள சஸ்கட்டூன் பழ ஜாம். ஊர்ப் பெயரே அந்தப் பழத்தின் க்ரீப் பெயரிலிருந்து வந்ததுதான். பார்க்கக் குட்டி நாவல்பழம். பதிலுக்கு வற்றலை வறுத்துக் கொடுத்தேன். கசக்கிறது என்றார். கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

நான் நடத்தும் வகுப்பில் இந்த மாதம் உறைவிடப் பள்ளிகள் பாடம். ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள். இந்த மாகாணத்தில் கடைசிப் பள்ளியை மூடியது 1996இல், நான் பிறந்த வருஷம். இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த ஆணையம் 2015இல் தந்த அறிக்கையின் 94 பரிந்துரைகளில் ஒன்று, பல்கலைக்கழகங்களில் இந்த மொழிகளுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்பது. மாணவர்களில் சிலருக்கு இது சொந்தத் தாத்தா பாட்டிக்கு நடந்தது. அவர்கள் முன்னால் நின்று நான் என்ன சொல்லிக் கொடுப்பது? கீழ்வீட்டுப் பாட்டியும் அங்கே படித்தவர்தான். அதைப் பேசமாட்டார், நானும் கிளறுவதில்லை.

போன வாரம் அவரிடம் க்ரீயில் "நாம் டீ குடிப்போம்" என்று சொல்ல வந்து 'நியனான்' என்றுவிட்டேன். "அப்போ எனக்கு டீ கிடையாதா?" என்றார். நம்மைப் போலவே அவர்களுக்கும் நாம் வேறு, நாங்கள் வேறு. 'கியானவ்' என்றிருக்க வேண்டும். வகுப்பில் இதை ஆங்கிலத்தில் விளக்கப் பலகை நிறைய வட்டம் போட வேண்டும். தமிழச்சி நானே தப்பு செய்தேன்.

அன்றிரவு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். "பொங்கலுக்கு நாங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். நாங்கள் எல்லோரும் நலம்." இலக்கணப்படி சரிதான், அப்பா. நான் அங்கே இல்லையே. ஆனாலும் அந்த வரியில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் அறைக்கு என்ன நிறம் அடித்தீர்கள்?

சரி. அம்மாவின் கண்புரை ஆபரேஷனைச் சித்திரை வரை தள்ள வேண்டாம். தம்பியின் செமஸ்டர் கட்டணத்தில் பாதியை இந்த மாதம் அனுப்புகிறேன், மீதி மார்ச்சில். வங்கியில் ஏதோ சிக்கல், வேறொன்றுமில்லை. பெரியப்பா சைதாப்பேட்டை வீட்டுப் பத்திரம் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். சித்தி பெண்ணுக்கு வந்த அம்பத்தூர் ஜாதகம் என்ன ஆயிற்று? அடுத்த பார்சலில் அப்பளம் வேண்டாம். வற்றல் இரண்டு பாக்கெட் வையுங்கள், ஒன்று கீழ்வீட்டுக்கு.

உங்கள் மகள்