செயலாளரின் ஆண்டறிக்கை: வடிகட்டியோடு போன வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மீன் தொட்டி வைத்திருக்கும், இனி வைக்கப்போகும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு முழுவதும் நன்னீர்த் தொட்டியின் வடிகட்டியைப் பற்றி மட்டுமே பேசினோம். ஒரே விஷயத்தை எத்தனை மாதம் பேசுவது என்று அலுத்துக்கொண்டவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் சண்டை போட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: "ஃபில்டர் ஓடுது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீன் மட்டும் சாகுது." விசாரித்தால், சில நாட்களுக்கு முன்புதான் வடிகட்டியைத் தேய்த்துக் கழுவியிருப்பார்கள். ஒருவர் வீட்டுக்கு நானே போனேன். கேனிஸ்டரின் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டி) செராமிக் வளையங்களைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று அலசி, பஞ்சைப் பிழிந்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டிருந்தார். மூன்றாம் நாள் டெட்ரா மீன்கள் மொத்தமும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் எங்கள் கண்ணெதிரே பச்சையானது. "இதைவிடச் சுத்தமா எப்படி சார் வைக்கிறது?" என்றார். அந்தச் சுத்தம்தான் வினை.

அழுக்கு என்று அவர் அலசிவிட்ட பழுப்பு வழவழப்பில்தான், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. குளோரின் கலந்த குழாய்நீரும் வெயிலும் அதைக் கொன்றுவிடும். மீண்டும் குடியேற வாரங்கள் ஆகும். புதுத் தொட்டிக்கு 4 முதல் 6 வாரம் பொறுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். இங்கே ஒரு திருத்தம். நமது பழைய துண்டறிக்கையில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று இருக்கிறது. நன்னீர்த் தொட்டிகளில் அது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. அந்த இனத்தில் சில, இரண்டு வேலையையும் தனியாளாகவே முடிப்பதும் 2015-இல் தெரியவந்தது. மறுபதிப்பில் மாற்றுவோம்.

எது வாங்குவது என்ற விவாதம் இரண்டு கூட்டங்களை விழுங்கியது. ஒரு உதாரணத்துக்கு, 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 65 லிட்டர் பிடிக்கும். மணிக்கு நான்கு முதல் ஆறு மடங்கு நீர் சுழல வேண்டும் என்று வைத்தால் 260 முதல் 390 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பஞ்சும் வளையமும் இல்லாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. பஞ்சு அடைய அடைய அது இன்னும் குறையும். ஆகவே ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள். ஃபைட்டர் மீனுக்கும் கப்பி மீன் குஞ்சுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு ஏர் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டியே போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைப்பவர்கள் டியூபில், நீர் பம்புக்குள் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட மறக்க வேண்டாம். கழிவு அதிகம் விடும் கோல்டு ஃபிஷுக்குக் கேனிஸ்டர் நல்லது என்பது என் கட்சி. தலைவர், தொட்டியின் மேலேயே வைக்கும் டாப் ஃபில்டர் கட்சி. திறந்து பார்க்கச் சோம்பல் வராது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு.

பஞ்சு வங்கி நன்றாக ஓடியது. சங்கத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் பஞ்சுகளைப் புதியவர்கள் ஈரம் காயாமல் எடுத்துப்போய்த் தங்கள் வடிகட்டியில் செருகிக்கொண்டார்கள். ஒரு தவறும் நடந்தது. ஒரு பஞ்சோடு வெள்ளைப்புள்ளி நோயும் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பஞ்சு என் வீட்டுத் தொட்டியிலிருந்து வங்கிக்கு வந்தது. அந்த உறுப்பினரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மருந்து போட்டபோது வடிகட்டியிலிருந்த கார்பனை வெளியே எடுக்கவும் உடனிருந்து உதவினேன். கார்பன் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். இனி, அண்மையில் புதுமீன் விட்ட தொட்டியிலிருந்து பஞ்சு வாங்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

பராமரிப்புப் பட்டறையில் அதிகம் பேசப்பட்டது இம்பெல்லர், அதாவது மோட்டாரில் சுழன்று நீரைத் தள்ளும் சிறு விசிறி. கர்ரென்ற சத்தத்தோடு வந்த ஒரு கேனிஸ்டரைத் திறந்தால், இம்பெல்லர் குழிக்குள் கடுகளவு நத்தை ஓடு ஒன்று சிக்கியிருந்தது. மோட்டார் போச்சு என்று புதிதே வாங்கக் கிளம்பியவர் அவர். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே வாளியில் நாலு முறை அமுக்கி எடுத்தால் போதும். வளையங்களை அதே நாளில் தொட வேண்டாம். இரண்டு வாரம் போகட்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே ஓடவிடாதீர்கள்; உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து கெட்டுப்போன நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு போடுங்கள். எந்த வடிகட்டி இருந்தாலும் நைட்ரேட் சேரத்தான் செய்யும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதற்கு விடுமுறை கிடையாது.

சங்கத்தின் நைட்ரைட் சோதனைப் பெட்டியை இரவல் வாங்கியவர் இன்னும் திருப்பித் தரவில்லை. பெயர் சொல்லவில்லை; அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

பஞ்சு வங்கிக்கு இரண்டாவது தொட்டி, துண்டறிக்கை மறுபதிப்பு ஆகிய இரண்டு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்